பிலோமினா மாமியின் கூகைக்கட்டுச் சங்கிலி

வீங்கிச் சூடேறிய கழுத்தில் அந்தச் சங்கிலி விழுந்த முதல் கணம், மாரிகாலத்துக் கிணற்றுத் தண்ணீரை யாரோ ஒரு நூலாக ஊற்றியதுபோலக் குளிர்ந்தது. சற்று நேரத்தில் அது என் காய்ச்சலின் சூட்டைத் தானும் வாங்கிக்கொண்டு, காதடியில் பூசிய மஞ்சளும் வேப்பிலையும் காய்ந்து பொருக்காகியிருந்த இடங்களில் உரசி, நான் எச்சில் விழுங்கும் ஒவ்வொரு தடவையும் மேலே ஏறிக் கீழே இறங்கியது. அவ்வளவு பவுன் அதற்குப் பிறகு என் உடம்பில் ஏறியதேயில்லை. கலியாணத்தன்று மாமனார் போட்ட சங்கிலியை அதன் பக்கத்தில் வைத்திருந்தால் மாமனாருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

அந்த வருத்தத்துக்கு எங்கள் பக்கத்தில் "கூகைக்கட்டு" என்று பெயர். காதுக்கும் தாடைக்கும் இடையில் வீங்கி, கழுத்து எங்கே முடிகிறது முகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போய்விடும். ஒருவனுக்கு வந்தால் வகுப்பில் அவனோடு ஒரே வாங்கில் இருப்பவர்களுக்கு வரும், அவர்களிடமிருந்து அவர்களுடைய தம்பி தங்கைகளுக்கு வரும். கழுத்தில் தங்கம் கிடந்தால் வீக்கம் வடியும் என்பது ஊரில் எவரும் கேள்வி கேட்காத உண்மை. ஆனால் முல்லைத்தீவுக் கரையோரத்தில் கரைவலை இழுத்துப் பிழைத்த எங்கள் ஊரில், தாலியைத் தவிர்த்தால், வருத்தத்தைப் பயமுறுத்தக்கூடிய அளவு தங்கம் இருந்தது ஒரே ஒரு கழுத்தில்தான். அது பிலோமினா மாமியின் கழுத்து.

மாமி, சம்மாட்டியாரின் மனைவி. வலையும் வள்ளமும் சம்மாட்டியாருடையவை. அந்த வலையை இழுக்கிற கைகளில் பாதிக்கு மேல் எங்கள் தெருவுடையவை, என் அப்பாவின் கைகள் உட்பட. மாமியின் சங்கிலியைச் செய்த தட்டாரிடம் கரைவலைக் கயிற்றின் ஒரு துண்டைக் கொடுத்து, "இதைப் பார்த்து முறுக்கும்" என்று சம்மாட்டியார் சொன்னதாகக் கதை. ஊரில் எந்தப் பிள்ளைக்குக் கன்னம் வீங்கினாலும் மாமி அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வருவார், தன் கையால் போட்டுவிடுவார், நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவார். கூலி கிடையாது. ஒரு கோப்பை தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார். அந்த அளவில் அவர் ஒரு புண்ணியவதி என்று எழுதிவிட்டு, இந்த வரியோடு அவரைப் புகழ்வதை நிறுத்திக்கொள்கிறேன்.

சங்கிலிக்கு ஒரு சட்டம் இருந்தது. போட்ட கைதான் கழற்ற வேண்டும். வேறு கை பட்டால் "கட்டுத் திரும்பும்", அதுவும் மற்றப் பக்கத்தில். சங்கிலி கிடக்கும்வரை பிள்ளை படலையைத் தாண்டக் கூடாது. வருத்தம் மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்பது ஒரு காரணம், அவ்வளவு பவுனோடு ஒரு பொடியன் தெருவில் திரிய விடலாமா என்பது சொல்லாத காரணம். ஆகவே எங்கள் ஊரில் ஒருவன் எப்போது வருத்தக்காரன், எப்போது மறுபடியும் மனிதன் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் முழுக்க மாமியின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில், அந்தக் கொளுக்கியில் இருந்தது. சந்தியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த அப்போதிக்கரி ஐயா என்னைப் பார்த்துவிட்டு, "வீக்கம் வடிஞ்சாப் பிள்ளை போகலாம், விளையாடலாம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார்:

"அவர் படிச்சவர், சொல்லுவார். சங்கிலி அவரின்ரையே?"

கழற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. தேசிக்காயைப் பாதியாக வெட்டிப் பிள்ளையின் நாக்கில் வைப்பார் மாமி. புளி பட்டதும் கன்னத்தில் சுரீர் என்று நோ பிடித்து முகம் சுளித்தால் கட்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். சுளிக்காவிட்டால் விடுதலை. இந்தச் சோதனையில் ஒரு சிறிய குறை இருந்தது. தேசிக்காய்ப் பாதியை நக்கிவிட்டு முகம் சுளிக்காத பிள்ளை எங்கள் ஊரில் பிறக்கவில்லை. வேறு ஊர்களிலும் பிறந்ததாக நான் படிக்கவில்லை. எனவே சுளித்தது கட்டினாலா புளியினாலா என்று மாமிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரே முகச்சுளிப்புக்கு ஒரு பிள்ளை வெளியே போனதும் உண்டு, இன்னொரு பிள்ளை உள்ளே கிடந்ததும் உண்டு. யாரும் மறுத்துப் பேசியதில்லை.

எனக்குக் கன்னம் வீங்கியது ஒரு மார்கழியில், அதுவும் கோவிலில் கிறிஸ்மஸ் ஒளிவிழா வர இருந்த நேரத்தில். அந்த ஒளிவிழாவில் நான் ஏரோது மன்னன்.

கிறிஸ்மஸ் நாடகத்தில் ஏரோது என்றால் என்ன என்பதை மேடையேறாதவர்கள் உணர மாட்டார்கள். சூசையப்பருக்குத் தும்புத் தாடி ஒட்டுவார்கள். வசனம் இல்லை, தடியைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். இடையர்கள் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு கூட்டமாக வந்து கூட்டமாகப் போவார்கள். வானதூதரான சம்மனசு செட்டையின் பாரத்தில் ஆடாமல் நின்றாலே போதும். ஏரோதுக்கோ சிவப்புச் சீலை போர்த்திய கதிரை, தேயிலைப் பெட்டி ஈயத்தாளில் செய்த முடி, கரியில் மீசை, இடுப்பில் வாள். ஞானிகளிடம் நயமாகப் பேசுவான், அவர்கள் போனதும் கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பி, குழந்தைகளைக் கொல்லச் சேவகர்களைக் கூப்பிடுவான். "பெத்லகேமில் ஒரு தொட்டிலும் ஆடக் கூடாது" என்று நாடகம் பழக்கிய ரீச்சர் எழுதித் தந்த வசனத்தைச் சொல்லும்போது எனக்கே மயிர் கூச்செறிந்தது. நான் மெலிந்த பிள்ளை, படிப்பில் நடுத்தரம், பந்தடியில் கடைசியாகக் கூப்பிடப்படுகிறவன். என் வாழ்க்கையில் மற்றவர்களை நடுங்கவைக்கக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. இன்றைய தேதிவரை வேறு கிடைக்கவில்லை.

அந்தப் பாத்திரத்தைக் கேட்டு இன்னொருவனும் நின்றான். மாமியின் ஒரே மகன் றெஜி. என்னைவிட உயரம், முகவெட்டு, வெள்ளைச் சப்பாத்து, எல்லாம் அவனிடம் இருந்தன. ரீச்சர் இரண்டு பேரையும் கோவில் வாசலில் நிறுத்திக் கத்தச் சொன்னார். றெஜியின் குரல் கிணற்றடிவரை போனது. என் குரலைக் கேட்டு கரையோர மீன்வாடியில் படுத்திருந்த நாய்கள் எழும்பி வந்தன. ஏரோது எனக்கு, என் கதிரைக்குப் பக்கத்தில் ஈட்டியோடு நிற்கிற சேவகன் றெஜி. வீட்டுக்குப் போய் அவன் அழுதான் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டபோது நன்றாக இருந்தது.

இருந்தும் எனக்கு வீங்கிய அன்று மாமி சங்கிலியோடு வந்து, சிலுவை வரைந்து, "வடிவாய்ப் படுத்திரு அப்பன், உதுக்கெல்லாம் அவசரப்படக் கூடாது" என்று கன்னத்தைத் தடவியபோது அதிலுள்ள எச்சரிக்கையை நான் கவனிக்கவில்லை. தங்கத்தின் குளிர் அப்படி.

மாரிகாலம். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்துக் கிடந்ததால் வலை இல்லை. அப்பா முற்றத்துக் கொட்டிலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என் தங்கை ஜெசிக்குப் போன வருடமே கூகைக்கட்டு வந்து போய்விட்டதால், அவள் என் அறைக்குள் தாராளமாக வந்தாள். ஒத்திகைக்குப் போய் இடையர் கூட்டத்தில் ஒரு துவாயாக நின்றுவிட்டு, அங்கே நடந்ததையெல்லாம் எனக்கு அள்ளிக்கொண்டு வருவாள். முதலில் கொண்டுவந்த செய்தி, என் இடத்தில் "இப்போதைக்கு" றெஜி நிற்கிறான் என்பது. அடுத்தது, கதிரைக்குப் போர்க்க மாமி தன்னுடைய கூறைச் சீலையையே கொடுத்திருக்கிறார் என்பது.

"ரீச்சர் றெஜியண்ணைக்கு மீசை கீறிப் பாத்தவா," என்றாள் ஒருநாள். "உனக்குக் கீறினதைவிட அவனுக்கு எடுப்பு."

வீக்கம் வடிந்துகொண்டு வந்தது. கண்ணாடியில் என் தாடை திரும்பவும் தெரியத் தொடங்கிய அன்று அம்மா ஆளனுப்பினார். மாமி வந்தார், தேசிக்காயை வெட்டினார், என் நாக்கில் வைத்தார். நான் சுளித்தேன்.

"இன்னும் கட்டு இருக்கு பிள்ளை," என்றார் அம்மாவைப் பார்த்து. "இப்ப விட்டா மற்றப் பிள்ளையளுக்கும் வரும். எனக்குச் சங்கிலி அவசரமில்லை. கிடக்கட்டும்."

மாமி படலையைத் தாண்டியதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு பவுனைப் பிள்ளையின்ரை கழுத்திலை விட்டிட்டு, கிடக்கட்டும் எண்டிட்டுப் போறா. எங்கடை சொந்தத்திலை ஆர் இப்பிடிச் செய்வினம்?"

அப்பா ஊசியில் நூலைக் கோத்தபடி, "அவா கழட்டுற நேரம் கழட்டட்டும்," என்றார். சம்மாட்டியாரின் வலை அவருடைய மடியில் கிடந்தது. அதற்கு மேல் அவர் என்ன சொல்லுவார்.

நான் தேசிக்காய் பழகத் தொடங்கினேன். கிணற்றடி மரத்தில் இருந்து ஜெசி களவாகப் பிடுங்கிக்கொண்டு வருவாள். நான் கண்ணாடிக்கு முன்னால் கதிரையில் நிமிர்ந்திருந்து, ஒரு பாதியை நக்கிக்கொண்டே ஏரோதின் வசனத்தைத் தொடக்கத்தில் இருந்து கடைசிவரை சொல்ல வேண்டும். ஒரு தசைகூட அசையக் கூடாது. அவள் வசனத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிழை திருத்துவாள், முகத்தையும் பார்ப்பாள். "இப்ப இடதுகண் சுருங்கினது. திரும்பச் சொல்லு." முதலில் நெற்றி அடங்கியது, பிறகு மூக்கு, கடைசியாக வாயின் ஓரங்கள். பல் கூசிக் கூசிச் சோறு சப்ப முடியாமல் போனது. ஆனால் கடைசியில் ஒரு முழுத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டாலும் கற்சிலைபோல இருக்கக்கூடிய முகம் எனக்கு வந்துவிட்டது. யோகிகள் வருடக்கணக்கில் காட்டில் இருந்து பெறுவதை நான் கதிரைக்காகப் பெற்றேன்.

அடுத்த சோதனைக்கு மாமியை வரச்செய்ய அம்மா இரண்டு தடவை ஆளனுப்ப வேண்டியிருந்தது. வந்தவர் தேசிக்காயை வைத்தார். நான் அசையவில்லை. வாசலில் நின்ற ஜெசிகூட மூச்சு விடவில்லை. மாமி குனிந்து என் முகத்தை அருகில் பார்த்தார். நான் அவரை ஏரோது ஞானிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

"கண் கலங்கினது," என்றார் மாமி.

"கலங்கேல்லை மாமி."

"உனக்கு உன்ரை கண் தெரியுமோ? உள்ளுக்கை நோ இருக்கு. பிள்ளை அடக்கிக்கொண்டிருக்கு." அம்மாவின் பக்கம் திரும்பினார். "கெட்டிக்காரன். ஆனா வருத்தத்தோடை விளையாடக் கூடாது."

பழிவாங்கல் என்ற சொல்லை நான் அதற்கு முன்னும் படித்திருந்தேன். அன்று அது என் வயிற்றில் வந்து இருந்தது. படுக்கையில் கிடந்து மாமிக்கு வரக்கூடிய தீங்குகளை ஒவ்வொன்றாக வரவழைத்துப் பார்த்தேன். கிணற்றுக் கட்டில் வழுக்குவது, கோவில் மணி அறுந்து விழுவது, சம்மாட்டியாரின் வள்ளம் கவிழ்வது. கடைசியில் சொன்னதில் அப்பாவும் இருப்பார் என்று நினைவு வந்ததால் வள்ளத்தை நிமிர்த்திவைத்தேன். இரவுச் செபத்தில் தீமை செய்தவர்களைப் பொறுப்பதுபற்றிய வரி வரும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கன்னம் நோகிறதென்று அம்மா நினைத்து, இன்னும் கொஞ்சம் மஞ்சள் பூசினார்.

ஒளிவிழா அன்று விடியவே மழை. பிள்ளைகளின் நாடகம் பின்னேரம். நான் எழும்பவில்லை, எழும்பி என்ன செய்ய. படலை திறக்கிற சத்தம் கேட்டது. மாமியின் கறுப்புக் குடை வந்தது, அதன் கீழே மாமி வந்தார். சேலைக் கரை முழுக்கச் சேறு. கையில் தேசிக்காய் இல்லை.

"என்னக்கா இந்த மழைக்கை," என்று அம்மா கதிரையை இழுத்துப் போட்டார்.

மாமி கதிரையில் இருக்கவில்லை. "பிள்ளைக்கு மாறிட்டுது. கழட்டுவம்."

"பாக்காமலே சொல்லுறியள்?"

"பாத்தால் தெரியாதே? முகம் நல்ல வடிவாய் வந்திட்டுது." பிறகு, அடக்க முடியாமல்: "றெஜிக்கு விடியக் கட்டிப்போட்டுது பிள்ளை. ரெண்டு பக்கமும்."

ரெண்டு பக்கமும். அந்த இரண்டு சொற்களை நான் இன்றைக்கும் பாட்டைப்போல வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதுண்டு. எனக்கு ஒரு பக்கம்தான். இறைவனின் நீதி சில நேரம் இரட்டிப்பாகவே வருகிறது.

மாமியின் ஈரமான விரல்கள் என் பிடரியில் கொளுக்கியைத் தேடின. அப்போது எனக்குள் இருந்து ஒரு குரல், நான் திட்டமிடாமலே, மெலிதாக வந்தது.

"நோகுது மாமி."

விரல்கள் நின்றன. "எங்கை?"

"உள்ளுக்கை."

"ஒண்டும் இல்லை. அது கட்டு விட்டுப்போற நோ."

"இப்ப கழட்டினால் மற்றப் பிள்ளையளுக்கும் வந்திடும் மாமி. தேசிக்காய் வைச்சுப் பாக்கேல்லையே?"

அம்மா என் பெயரைச் சொல்லி அதட்டினார். ஆனால் சட்டம் சட்டம்தானே. யாரும் கேட்காமலே ஜெசி மழையில் கிணற்றடிக்கு ஓடிப்போய், ஒரு தேசிக்காயோடும் கத்தியோடும் வந்து நின்றாள். அவள் ஏன் அவ்வளவு வேகமாக ஓடினாள் என்பது எனக்குப் பின்னேரம்தான் விளங்கியது. மாமி வேறு வழியில்லாமல் பாதியை வெட்டி என் வாய்க்குக் கொண்டுவந்தார்.

நான் செய்ததை நடிப்பு என்று சொல்வது அதற்குக் குறைவு. நெற்றியில் தொடங்கி மூக்கு, கன்னம், நாடி என்று ஒவ்வொரு தசையாக, கட்டிப்போட்டுப் பழக்கிய அத்தனையையும் ஒரேயடியாக அவிழ்த்துவிட்டேன். கண்ணில் நீர் வந்தது. தொண்டைக்குள் இருந்து, வலையில் அகப்பட்ட ஆமையின் பெருமூச்சைப்போல ஒரு சத்தம் வந்தது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு பாயில் சரிந்தேன். அம்மா "ஐயோ பிள்ளை" என்று என் தலையைத் தூக்கி மடியில் வைத்தார்.

மாமி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேசிக்காய்ப் பாதியில் இருந்து சாறு அவருடைய மணிக்கட்டில் வழிந்து வளையலுக்குள் போனது.

"சரி," என்றார். "கிடக்கட்டும்."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். படலை சாத்தப்பட்ட சத்தத்தைப்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. அந்த இனிமை, அம்மா தேசிக்காய்க் கோதை எறிந்துவிட்டு வந்து பின்வரும் வாக்கியத்தைச் சொல்லும்வரை நீடித்தது:

"பாவம் அந்தப் பொடியன். இனி ஆர் ஏரோதுக்கு நிக்கப்போகினம்?"

வாசகர்களே, உங்களுக்கு இது முன்னமே விளங்கியிருக்கும். எனக்கு அப்போதுதான் விளங்கியது. றெஜி வீழ்ந்தான் என்றால் கதிரை காலி. மாமி கழற்ற வந்தது சங்கிலியை மட்டுமல்லவே. கொளுக்கி அவிழ்ந்திருந்தால் பின்னேரம் நான் மேடையில் நின்றிருப்பேன். ஒரு வார்த்தையும் பேசாமல் பிடரியைக் காட்டிக்கொண்டிருந்தாலே போதும். என் வாழ்நாளின் மிகச்சிறந்த பழிவாங்கலை நான் என் சொந்தக் கழுத்தின் மேலேயே செய்துமுடித்திருந்தேன்.

பின்னேரம் மழை விட்டிருந்தது. பற்றறியில் ஓடிய ஒலிபெருக்கியைக் காற்று எங்கள் பக்கம் தள்ளிவிட்டதால், படுத்திருந்த இடத்திலேயே எல்லாம் கேட்டது. ஞானிகள் வந்தார்கள். ஏரோது நயமாகப் பேசினான். குரல் கீச்சென்று இருந்தாலும் ஒரு சொல்லும் தவறவில்லை. நான் எங்கே மூச்சு எடுப்பேனோ அங்கே எடுத்து, எங்கே நிறுத்துவேனோ அங்கே நிறுத்தியது. என் கண்ணாடிக்குப் பக்கத்தில் வசனத்தாளோடு நின்று நின்று ஜெசிக்கு அது முழுக்கப் பாடமாகியிருந்தது. பெத்லகேமின் தொட்டில்களைப்பற்றிச் சொல்லி முடித்ததும், ரீச்சர் எழுதாத, நான் நினைத்தும் பார்க்காத ஒன்றைச் செய்தாள். மெல்லச் சிரித்தாள். ஒலிபெருக்கியில் அந்தச் சிரிப்பைக் கேட்டு, முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு வந்த கைதட்டலை எழுத எனக்கு மனமில்லை. அடுத்த வருடமும், நாங்கள் இடம்பெயரும்வரை ஊரில் ஒளிவிழா நடந்த எல்லா வருடங்களிலும், ஏரோது அவள்தான்.

மாமி அன்றே வீடு வீடாகப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டோம். வலை இழுக்கிறவர்களின் பெண்சாதிகளிடம் சம்மாட்டியாரின் மனைவி வாசலில் நின்று தங்கம் இரவல் கேட்டார். பிள்ளைச் சங்கிலி, ஞானஸ்நானச் சங்கிலி என்று நூலைப்போலச் சில கிடைத்தன. அவற்றையெல்லாம் சேர்த்துப் போட்டுக்கொண்டு றெஜி திண்ணையில்லாத தன் பெரிய வீட்டு விறாந்தையில் இருந்ததை ஜெசி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நத்தார் மரம் மாதிரி இருக்கிறான்" என்றாள். அந்த வர்ணனைக்காக அவளை ஒரு கிழமை மன்னித்திருந்தேன்.

ஆனால் றெஜியின் கன்னம் வடிந்தது. எனக்கு வடிந்த அதே கணக்கில், நூல் சங்கிலிக்கும் வடிந்தது. மாமி வந்து, சோதனை ஏதும் இல்லாமல், பேச்சும் இல்லாமல் என் கழுத்தில் இருந்து முறுக்குச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போன அன்று, அப்பா வலையில் இருந்து தலையைத் தூக்கி, அந்த விடயத்தில் தன்னுடைய ஒரே கருத்தைச் சொன்னார்: "அப்ப சங்கிலி தடிப்பாய் இருக்கவேண்டியதில்லை."

அது தெரு முழுக்கப் பரவியது. அதன் பிறகு மாமியின் வாசலுக்கு எவரும் சங்கிலி கேட்டுப் போகவில்லை. கன்னம் வீங்கியவர்கள் காதில் கிடந்த தோட்டையே நூலில் கோத்துக் கட்டிக்கொண்டார்கள். அவரவர் தாய்மார் அவரவருக்கு விருப்பமான நாளில் பிள்ளைகளை அவிழ்த்து விட்டார்கள். விளைவு, தவக்காலம் வருவதற்குள் ஊரில் கூகைக்கட்டு வராத தாடை இல்லை. சுவாமியாருக்கு வந்து, பூசையில் பிரசங்கம் இல்லாமல் போனது. அதைப்பற்றி எவரும் முறைப்பாடு செய்யவில்லை. சம்மாட்டியாருக்கு வந்தது, வளர்ந்த ஆண்களுக்கு வந்தால் அது எங்கே இறங்குமோ அங்கே இறங்கியது. அந்தப் பருவத்தின் முதல் வலைக்கு அவர் நண்டைப்போலக் காலை அகட்டி அகட்டிக் கரையில் நடந்து வந்ததை, கயிற்றில் நின்ற அத்தனை பேரும் கடலைப் பார்த்துக்கொண்டே பார்த்தார்கள். பின்னாளில் தொற்றுநோய்களின் சரித்திரத்தைப் படித்தபோது, அந்தக் காலத்துத் துறைமுகங்களில் கப்பல்களைத் தூரத்தில் மறித்துவைத்த அதிகாரிகளுக்கெல்லாம் என் மனம் மாமியின் முகத்தையே கொடுத்தது. தங்கம் எங்களைச் சுகப்படுத்தவில்லை, வீட்டுக்குள் வைத்திருந்தது. அந்தக் காவலை உடைத்தவன் நான். வருந்துகிறேனா என்று கேட்டால், சம்மாட்டியாரின் நடையை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது கூகைக்கட்டு என்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. கிளினிக்கில் ஒரு ஊசி போடுகிறார்கள். அதோடு அந்த வருத்தத்தின் கதை முடிந்தது. சங்கிலியைக் கடைசி இடப்பெயர்வில் குசினிக்குப் பின்னால் புதைத்துவிட்டுப் போனார்களாம். திரும்பி வந்தபோது குசினி எது, பின்பக்கம் எது என்று காட்ட ஒரு சுவரும் நிற்கவில்லை. கோவில் புதிதாக, வேறு நிறத்தில் நிற்கிறது. ஒளிவிழா நடக்கிறது, ஏரோதின் குரலைக் கணினியில் பதிவுசெய்து போடுகிறார்கள், பிள்ளை வாயை மட்டும் அசைக்கிறது.

மாமி இருக்கிறார். வவுனியாவில், நெளுக்குளத்தில், றெஜியின் வீட்டில். போன மாதம் றெஜியின் மகளுக்குக் கலியாணம். எனக்கு அதற்கு முந்திய கிழமை நல்ல காய்ச்சல், இருமல். போகலாமா கூடாதா என்பதற்கு இந்தக் காலத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு இருக்கிறது. வைத்தியராக இருக்கும் நண்பன் காய்ச்சல் விட்டால் போகலாம் என்றான். மகள் தொலைபேசியில் எதையோ பார்த்துவிட்டு முகக்கவசத்தோடு போகலாம் என்றாள். மனைவி, "இருமிக்கொண்டு சபைக்கை போய் நிக்கப்போறியளே, வெக்கமில்லையே," என்றார். நான் போனேன். மாமிக்குச் சொல்ல வேண்டிய ஒரு வசனம் என்னிடம் அத்தனை வருடமாக இருந்தது. அவருக்கு எண்பது தாண்டிவிட்டதால் இனியும் தள்ளிவைக்க முடியாது.

மண்டபத்தின் ஓரத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். உடம்பு சுருங்கி, கழுத்தில் ஒரு மணிச்செபமாலை மட்டும். நான் கொஞ்சம் தள்ளி ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன்.

"ஆரது, வாயைக் கட்டிக்கொண்டு?"

பெயரைச் சொன்னேன். "காய்ச்சல் மாமி. இப்ப மாறிட்டுது."

"மாறிட்டுதெண்டு ஆர் சொன்னது?"

அந்தக் கேள்வி என்னைப் பத்து வயதுக்குத் தள்ளப் பார்த்தது. நான் விடவில்லை. கொண்டுவந்த வசனத்தைச் சொன்னேன். "மாமி, அண்டைக்கு ஒளிவிழாக் காலமை எனக்கு ஒரு நோவும் இல்லை. சும்மா நடிச்சனான். நீங்கள் ஏமாந்துபோனியள்."

மாமி தன் விரல்களைப் பார்த்தார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தேசிக்காய் நாக்கிலை படமுன்னமே நீ கத்தினனி."

ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பட்ட பிறகா, படுவதற்கு முன்னா. முகக்கவசத்துக்குள் வியர்த்தது. "தெரிஞ்சால் ஏன் கழட்டேல்லை?"

"கழட்டியிருந்தா நீ ஓடிப்போய்க் கதிரையிலை ஏறியிருப்பாய். என்ரை பிள்ளை ரெண்டு கன்னமும் வீங்கிப்போய்க் கிடந்து உன்ரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கவோ?" மேடையில் மகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்த றெஜியை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பினார். "அவனுக்குச் சங்கிலி இரவல் வாங்கலாம். உனக்கு ஏரோது இரவல் கிடைக்குமோ? நீயாய்க் கழுத்தைக் கொண்டுவந்து தந்தனி. நான் ஏன் விடவேணும்?"

ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. அடக்க அடக்க வந்தது. மாமி கையை நீட்டி மறித்து, தூரத்தில் இருந்தே என் கண்ணைக் கூர்ந்து பார்த்தார்.

"உனக்கு இன்னும் மாறேல்லை," என்றார். "பிள்ளையள் திரியிற இடம். வீட்டை போ."

ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பத்திரிகைகளில் பெயர் வருகிறவன், நான் எழும்பி, கதிரையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிய நேரத்தில் வெளியே வந்து மோட்டார்சைக்கிளை எடுத்தேன். வழியில் பூவரசங்குளத்தைத் தாண்டும்வரை எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அதன் பிறகு வந்தது. வந்த கோபம் ஆறுவதற்குள் இருந்து இதை எழுதி முடித்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் வருகிறவர்களுடைய மரியாதையைக் கருதி எல்லோருடைய பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மாமியின் பெயரை மாற்றவில்லை.